பசிக்கு ஒரு போன்

பட்டன் போனில் எண்ணை அமுக்கிவிட்டு, பெரிய போன் அலறத் தொடங்குமுன் அதையும் எடுத்துத் தேய்த்துத் திறந்தாள் குஞ்சம்மா. திறந்ததைத் தலையணைக்கும் கோவிந்தராசுவின் வலது காதுக்கும் நடுவில் செருகினாள். காது மடல் மடங்கிக்கொண்டது. விரலால் நீவிவிட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். லைனை வெட்டவில்லை. ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் விட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ராசாத்தி கொல்லைக் கதவில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா இது, பத்தடியில படுத்திருக்கற புருசனுக்குப் போன் போடுறிய? கல்யாணமான புதுசுலகூட இம்மாங் கொஞ்சல் இருந்திருக்காதே."

"நீ பாத்தியாக்கும். ஒனக்கு அப்ப பல்லே மொளைக்கல."

"சரி, பேசவாவது செய்யுங்களேன். போட்டுட்டு இடுப்புல சொருகிக்கிட்டா?"

"பேசறதுக்கில்லடி. மருந்து."

"போனு மருந்தா?"

"பசி மருந்து" என்றாள் குஞ்சம்மா. ராசாத்தி சிரித்தாள். குஞ்சம்மா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கோவிந்தராசு பங்குனியில் விழுந்தார். கடலில் அல்ல, வாசலில் உட்கார்ந்து அறுந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது. இடது கையும் காலும் போயின. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சும் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் பேசுவதற்கு அவரிடம் எதுவும் இல்லைபோல. "ம்" என்பார், "வேணாம்" என்பார். பெரும்பாலும் வேணாம்தான். எல்லாம் ஏதோ கொஞ்சம் திரும்பியபோது பசி மட்டும் திரும்பவே இல்லை. மூளையில் பசியைச் சொல்லும் இடத்தில் ரத்தம் அடைத்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம் என்பதை அவரே இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

சட்டையைப் போட்டுவிட்டால் உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது. அடுத்த தடவை கூட்டிவரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் குழாய் போட்ட ஒருவரைக் குஞ்சம்மா பார்த்திருந்தாள். பிடுங்கிவிடாமல் இருக்க அவர் கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கோவிந்தராசுவுக்கு மிஞ்சியிருப்பது ஒரு கைதான்.

மகள் பாரதிப்ரியா புதுச்சேரியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பாவைப் பற்றிப் போனில் பேசி முடித்ததும் ஒருநாள் தன் பையனைப் பற்றிப் புலம்பினாள்.

"இந்த சசிதரன் பய போனக் கீழ வைக்கவே மாட்டேங்கறான்மா. அது கையில இருக்கறவரைக்கும் வாயும் ஓயமாட்டேங்குது. எங்க லேப் குரூப்ல ஒண்ணு வந்துச்சு. வெளிநாட்டுல கொஞ்சம் பசங்களப் புடிச்சுக் காதுகிட்டப் போன வச்சுப் பாத்திருக்காங்க. கதிர்வீச்சு பட்டதும் மூளை வேற மாதிரி வேலை செய்யுதாம். அப்பறம் சாப்பாட்டக் காட்டுனா வழக்கத்தவிட ஜாஸ்தி திங்கிறாங்களாம்."

"ஜாஸ்தியா?"

"ஆமாம்மா. அதான் பயமா இருக்கு."

"சும்மா பக்கத்துல கெடந்தா போதுமா, பேசணுமா?"

"லைன் ஓடணும்மா. ஏன் கேக்குற?"

"சும்மாதான்" என்றாள் குஞ்சம்மா. மகள் பையனுக்காகப் பயந்ததை அவள் கோவிந்தராசுவுக்காக எடுத்து முடிந்துகொண்டாள். அன்றே பெரிய போனில் சார்ஜ் ஏற்றிவைத்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சோற்றுக்கு முன் போனை வைத்துப் பார்த்தாள், தூங்கும்போது வைத்துப் பார்த்தாள். இடுப்பிலிருந்து அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சைக் கேட்டபடியே பாத்திரம் துலக்கினாள், அரிசி களைந்தாள், அடுப்போடும் பூனையோடும் பேசினாள். கேட்க ஆள் இல்லாத பேச்சு அவளுக்குப் புதிதில்லை.

ஒருநாள் முற்பகலில், வேகவைத்த பால்சுறாவை உதிர்த்துக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்து குரல் வந்தது.

"ஏ குஞ்சம்மா."

கை அப்படியே நின்றது. விழுந்த நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க."

"சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கு. பேசமாட்டேங்கறியே."

"பேசுறேன். சொல்லுங்க, என்னா வேணும்?"

"இங்க ஒரு சங்கடமாப் போச்சு." குரலைத் தாழ்த்தினார். "போட்டுல ஒரு பொம்பள ஏறியிருக்கு."

அவர்கள் ஊரான திருவேட்டக்குடியில் கடலுக்குப் போகும் படகில் பெண்கள் கால் வைப்பதில்லை. கரையில் நின்று மீனை வாங்கலாம், கூடையில் கொட்டலாம், ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கலாம். படகில் ஏறக்கூடாது. எப்போதாவது விளையாட்டாக ஒரு சிறுமி ஏறிவிட்டால்கூடக் கழுவிவிட்டுச் சூடம் காட்டிய பிறகுதான் தண்ணீரில் தள்ளுவார்கள். கோவிந்தராசு ஃபைபர் படகு வாங்கிய அன்று குஞ்சம்மா தாம்பாளத்தோடு மணலில்தான் நின்றாள். அந்தப் படகு பழசாகி விற்றுப்போகிற வரைக்கும் அதன் உள்பக்கத்தை அவள் எட்டித்தான் பார்த்திருக்கிறாள்.

"யாரு அது?" என்று கேட்டாள்.

"தெரியல. நல்ல பொம்பளதான். தொடச்சி வுடுது, தூக்கி ஒக்கார வைக்கிது. கையிதான் சொரசொரன்னு இருக்கு. யாரு வூட்டுப் பொம்பளயோ, பாவம். எறங்கமாட்டேங்குது."

குஞ்சம்மா தன் கையைப் பார்த்தாள். சுறாவின் நார் ஒட்டியிருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"எப்புடி சாப்புடுறது? பொம்பளய வச்சிக்கிட்டு சோத்து வாளியத் தொறப்பாங்களா? பசிதான். அது எறங்கட்டும்."

பசி என்று சொன்னார். குஞ்சம்மா சுறாவைச் சோற்றில் பிசைந்து, தட்டோடு ஓடினாள். கட்டிலருகே போனதும் இரண்டு போன்களும் சேர்ந்து கீச்சென்று கத்தின. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உடனே வாயை இறுக்கிக்கொண்டார். அவள் சோற்று உருண்டையை உதட்டில் வைத்தாள். "வேணாம்" என்றார், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல மரியாதையாக.

பரணில் அவருடைய தூக்குவாளி கிடந்தது. கடலுக்குக் கொண்டுபோன வாளி. துலக்கிச் சோற்றை அதில் மாற்றினாள். அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து, வலது கை எட்டும் இடத்தில் வாளியை வைத்தாள். கொல்லைக்குப் போய்த் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டு போனில் கூப்பிட்டாள்.

"என்னாங்க, அந்தப் பொம்பள எறங்கிட்டா."

"எறங்கிடுச்சா? எப்புடி?"

"வேற போட்டுல ஏறிப் போயிட்டா. நீங்க சாப்பிடுங்க."

பிறகு வாளி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லும் சத்தம். குஞ்சம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசாத்தி ஏதோ கேட்டபோது கையைக் காட்டி அடக்கினாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளை கொல்லையில் நடந்தது. அவர் உள்ளே, அவள் வெளியே. கரையில் காற்று எப்படி இருக்கிறது என்று கேட்பார். ராசாத்தி வீட்டுத் தென்னையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாடை ஏறுது என்பாள், இல்லை தணிஞ்சிருக்கு என்பாள். மீன் பாடு எப்படி என்று அவள் கேட்பாள். சங்கரா ரெண்டு கூடை என்பார் ஒருநாள். இன்னொரு நாள் வலையை ஆமை கிழித்துவிட்டது. அவள் உச்சுக்கொட்டுவாள்.

வீட்டில் அவர் இப்படிப் பேசியதே இல்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாள்முதல் அவர்களுக்குப் பேச வாய்த்ததும் இல்லை. அவர் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். அவர் கரையேறும்போது அவள் அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வரிச்சிக்குடிப் பக்கம் தெருவில் மீன் விற்கக் கிளம்புவாள். வெயிலில் திரும்பி வந்தால் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மணலில் கூடை கைமாறும் அந்தச் சற்று நேரம்தான் குடும்பம். செல்போன் வந்த பிறகு கொஞ்சம் கூடியது. கடலில் டவர் கிடைக்கும் இடம் வந்ததும் அங்கிருந்தே கூப்பிட்டு, என்ன மீன், எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவள் அதை வைத்து யாருக்கு எது என்று மனதில் பிரித்துக்கொள்வாள். அந்தப் பேச்சின் வாலில் அவர் சில சமயம் வேறு ஏதாவது சொல்வார். தூரத்தில் மழை தெரியுது என்பார். நேத்து ஏன் ஒரு மாதிரி இருந்த என்பார். கரைக்கு வந்தபிறகு அதைப் பற்றி அவரும் கேட்கமாட்டார், அவளும் சொல்லமாட்டாள்.

அறைக்குள் போகும்போது குஞ்சம்மா இப்போது வாயைத் திறப்பதில்லை. துடைத்துவிடுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள், மலம் எடுப்பாள், எல்லாம் பேசாமல். அந்தப் பெண்ணுக்குக் குஞ்சம்மாவின் குரல் இருந்தால் அவர் குழம்பிப்போவார். ஒருநாள் தும்மலைக்கூட முந்தானையில் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"அந்தப் பொம்பள திரும்பவும் வந்துச்சு" என்றார் ஒருநாள் போனில்.

"வந்துட்டா என்னா பண்றது. கரை வந்ததும் எறங்கிடுவா."

"பேசவே மாட்டேங்குது. ஊமை போலருக்கு. வாளி அடியில கொஞ்சம் சோறு வச்சிருக்கேன். அது சாப்புட்டுச்சோ என்னவோ."

வாளியை எடுத்துவரப் போனபோது அடியில் ஒரு கைப்பிடிச் சோறும் முள் எடுத்த மீன் துண்டும் இருந்தன. குஞ்சம்மா கொல்லையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள்.

பாரதிப்ரியா லீவு போட்டுவிட்டு வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு நேரே அப்பாவிடம் போனவள் தலையணையோரத்தில் கையை வைத்ததும் எடுத்தாள். போன் கொதித்துக் கிடந்தது.

"அம்மா! இது என்னா?"

"பசிக்கு."

"என்னாது?"

"நீதானடி சொன்ன. ஜாஸ்தி திங்கிறாங்கன்னு."

"கெடுதல்னு சொன்னேன்மா! ஏற்கெனவே மூளை அடிபட்டுக் கெடக்கற மனுசன் தலையில போயி…"

"திங்கிறாருடி."

"அது போனால இல்ல."

"அப்ப எதால?"

பாரதிப்ரியா போனை உருவி எடுத்தாள். அவள் கையிலிருந்த போனில் லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குஞ்சம்மா பேசாமல் கொல்லைக்கு நடந்து போய்ப் பட்டன் போனில், "என்னாங்க" என்றாள். கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"குஞ்சம்மா, இப்ப ரெண்டு பொம்பள ஏறியிருக்கு. ஒண்ணு சின்ன வயசு. சத்தம் போடுது."

பாரதிப்ரியா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து தண்ணீர் குடித்தாள். வெகுநேரம் குடித்தாள்.

மறுநாளே வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எடை கொஞ்சம் ஏறியிருந்தது. குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் குஞ்சம்மா கும்பிட்டாள். பாரதிப்ரியா விடவில்லை, போன் விஷயத்தையும் படகுப் பேச்சையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அந்த மாதிரி ஒரு சோதனைய நானும் படிச்சேன். ஆரோக்கியமான சின்ன வயசுக்காரங்க, அதுவும் சில பேரு. அத வச்சு இவருக்கு இப்படின்னு நான் சொல்லமுடியாது. கதிர்வீச்சா, உங்கம்மா பேச்சா, தானா திரும்புதா, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். எதுக்கும் போன ஸ்பீக்கர்ல போட்டுத் தள்ளி வைங்க." பிறகு குஞ்சம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்கள அடையாளம் தெரியுதாம்மா இவருக்கு?"

"போன்ல தெரியுதுங்க."

"நேர்ல?"

குஞ்சம்மா கோவிந்தராசுவின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"போன்லயே பேசிக்கிட்டிருந்தா அவரு கடல்லயேதான் இருப்பாரு. எதிர ஒக்காந்து, நீங்க யாருன்னு சொல்லிச் சொல்லிப் பேசணும். இப்பவே செஞ்சாத் திரும்ப வாய்ப்பிருக்கு. நாளாச்சுன்னா கஷ்டம்."

வீட்டுக்கு வந்ததும் பாரதிப்ரியா பெரிய போனை அணைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குஞ்சம்மா தடுக்கவில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது. முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு கட்டில் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தாங்க குஞ்சம்மா."

அவர் அவளைப் பார்த்தார். குரலையும் முகத்தையும் ஒன்றாக்க முடியாமல் பார்வை அங்குமிங்கும் போனது.

"குஞ்சம்மா வூட்டுல இருக்கா."

"இதுதாங்க வூடு."

அவர் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வலது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார், படகு ஒருபக்கம் சாய்கிறபோது பிடிப்பதைப்போல. பிடியை விடவைத்துக் கஞ்சி கொடுக்கமுடியவில்லை. கொடுத்தது தாடையில் வழிந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் தண்ணீர் மட்டும் உள்ளே போனது. குஞ்சம்மா பேசிக்கொண்டே இருந்தாள். கிளிஞ்சல்மேட்டு வீட்டைச் சொன்னாள், மணலில் கூடை மாற்றியதைச் சொன்னாள், நேத்து ஏன் ஒரு மாதிரி இருந்த என்று அவர் கடலிலிருந்து கேட்ட கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துப் பதிலும் சொன்னாள். அன்று வயிற்றிலிருந்த பிள்ளை கலைந்திருந்தது. அதை அவரிடம் அவள் சொன்னதே இல்லை.

கோவிந்தராசு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அவ சாயல் இருக்கு ஒங்கிட்ட" என்றார்.

வாசற்படியில் நின்ற பாரதிப்ரியா பாய்ந்து உள்ளே வந்தாள். "பாத்தியாம்மா? வருதும்மா. டாக்டர் சொன்ன மாதிரியே வருது. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க."

குஞ்சம்மா தட்டை எடுத்தாள். சோற்றை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் வாயை மூடிக்கொண்டார். சட்டைக்குள் நெஞ்செலும்பு ஏறி இறங்கியது.

"நாளைக்குச் சாப்பிடுவாரும்மா."

"நாளைக்குன்னு நீ சொல்ற. கையக் கட்டிப்போட்டுக் குழாய வச்சா நீ வந்து பாப்பியா?"

"ஒன்ன யாருன்னே தெரியாம, கடைசிவரைக்கும் இப்படியே இருக்கப்போறியா?"

"அவருக்குத்தான் என்னத் தெரியுதே" என்றாள் குஞ்சம்மா.

மகளின் பையைத் திறந்து போனை எடுத்து உயிர்கொடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, டாக்டர் சொன்னபடி தள்ளி, ஜன்னலில் வைத்தாள். வாளியைக் கட்டிலில் வைத்தாள். பாரதிப்ரியாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்னாங்க."

"குஞ்சம்மாவா? எங்கடி போயிட்ட? டவரே கெடைக்கல."

"ஆமா. டவரு இல்லாமப் போச்சு."

"ஒரு பொம்பள ஒக்காந்து என்னென்னமோ சொல்லிக்கிட்டிருந்துச்சு. புள்ள கலைஞ்சிதாம் அதுக்கு. பாவமா இருந்துச்சு."

"போயிட்டா அவ. நீங்க சாப்பிடுங்க."

பாரதிப்ரியா சுவரில் சாய்ந்து நின்றாள். போனிலும் ஜன்னல் வழியாகவும் ஒரே சமயத்தில் வாளி மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பாரதிப்ரியா புதுச்சேரிக்குக் கிளம்பினாள். அப்பாவின் காலைத் தொட்டாள், பேசவில்லை. குஞ்சம்மா பஸ் வரைக்கும் போய்விட்டு வந்தாள். பால்சுறா கிடைக்கவில்லை, நெத்திலி வாங்கினாள். குழம்பு கொஞ்சம் உறைத்துவிட்டது. கரையில் காற்று எப்படி என்று அவர் கேட்டார், தென்னோலை அசையவில்லை, அப்படியே சொன்னாள். அரை வாளி சாப்பிட்டார். பிற்பகலில் தூறல் போட்டதால் துணியை உள்ளே எடுத்துப் போட்டாள். சாயந்தரம் வெந்நீரில் அவரைத் துடைத்துவிட்டாள். துடைக்கும்போது ஒன்றும் பேசவில்லை.